வெர்லாவும் வெடித்த காம்பும்

கத்தியோடு வெளியே வந்தாள் என்பது உண்மைதான். அதை யார் இல்லை என்றார்கள்? முழங்கை வரைக்கும் சாறு வழிய, கையில் சின்னக் கத்தியோடு வெர்லா தன் புருஷனுடைய பரங்கிக் கூடாரத்திலிருந்து வெளியே வந்ததை, பக்கத்து வீட்டு ப்யூலா க்ரவுஸ் துணி உலர்த்தும் இடத்தில் நின்று பார்த்தாள். பார்த்ததைச் சொல்லட்டும். பார்க்காததையும் சேர்த்து ஏன் சொல்கிறாள்? பொறாமையில் புருஷனுடைய காயைக் குத்திக் கிழித்தாளாம். அப்புறம் தன் காயை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டை விட்டு ஓடிப்போனாளாம். சனிக்கிழமை தேவாலய விருந்தில் பீன்ஸ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதைத்தான் மேசை மேசையாகச் சொல்லிக்கொண்டு போகிறாள். ஓடிப்போகிறவள் எவளாவது ஒரு ராட்சதப் பரங்கிக்காயையும் கூட இழுத்துக்கொண்டு போவாளா? அதுவும் சைக்கிள்காரன் முந்திக்கொண்டு போகிற வேகத்தில், நடுப்பகலில், ஊரே பார்க்க?

நடந்தது வேறு. சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

எங்கள் ஊரான மோஷர் கரையில் பரங்கி வளர்க்காத வீடு குறைவு. குழம்பில் போடுகிற பரங்கியைச் சொல்லவில்லை. படுத்திருக்கும் பசுமாட்டைவிடப் பெரிதாக வளர்ந்து, தூக்குவதற்குப் பட்டையும் இயந்திரமும் கேட்கிற போட்டிப் பரங்கி. அக்டோபரில் நன்றியறிதல் பண்டிகை வாரத்தில் தராசுக்குப் போகும். அந்தத் தராசில் ஓர் ஆள் பேருக்கு ஒரு காய்தான் ஏற்றலாம். அதனால் ஊருக்குள் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் இரண்டு காய் விளைந்தால் பெரியது புருஷன் பேரில் போகும், அடுத்தது பெண்டாட்டி பேரில் போகும். எந்தச் செடிக்கு யார் குனிந்தார்கள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

பேரில் என்ன இருக்கிறது என்பீர்கள். இங்கே பேரில்தான் எல்லாம் இருக்கிறது. நல்ல காயின் விதைக்கு அதன் எடையையும் வளர்த்தவரின் குடும்பப் பேரையும் சேர்த்துத்தான் பேர் வைப்பார்கள். அந்த விதை கடல் தாண்டிப் போனாலும் அந்தப் பேரோடுதான் போகும். ரஃபியூஸ் விதை என்றால் தெரியாத பரங்கிக்காரன் கிடையாது. வெண்டல் ரஃபியூஸின் அப்பா காலத்தில் தொடங்கியது அது. வெர்லா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பிறகு விளைந்த பெரிய காய்களெல்லாம் அவள் கையில் வளர்ந்தவை. ஆனால் அவையும் ரஃபியூஸ்தான்.

வெர்லா ஹெனிகர் வீட்டுப் பெண். ஆற்றுக்கு அக்கரையில், கடல் ஏறி இறங்குகிற செம்மண் சேற்றை ஒட்டி அவர்கள் மாட்டுப் பண்ணை இருந்தது. கூடப் பிறந்தவன் யாரும் இல்லை. அப்பா போனதோடு பண்ணை கைமாறியது, வாசலில் இருந்த பேர்ப்பலகையையும் வாங்கினவன் கழற்றி எறிந்தான். ஹெனிகர் என்ற பேர் இப்போது கல்லறைத் தோட்டத்தில் மட்டும்தான் இருக்கிறது. ஒரே ஒரு விதையிலாவது அது இருக்க வேண்டும் என்று வெர்லாவுக்கு ஆசை. வேறு எதையும் அவள் கேட்டதில்லை.

அந்த வசந்தத்தில், காலைச் சாப்பாட்டு மேசையில் வைத்து அதைச் சொல்லிவிட்டாள்.

"இந்த வருஷம் ஒரு செடி எனக்கு, வெண்டல். பெருசா வந்தாலும் சிறுசா வந்தாலும் என் பேர்லதான் போகும். ஹெனிகர்னு."

வெண்டல் ரொட்டியில் கருப்பஞ்சாற்றுப் பாகைத் தடவிக்கொண்டே சிரித்தான். "ஹெனிகரா? அப்ப இத்தனை வருஷம் நான் யாரு கூடக் குடும்பம் நடத்துனேன்?"

"என்கூடத்தான். பரங்கி மட்டும் எங்கப்பா வீட்டுது."

"சரிதான். ஆனா நடுவுல கயிறு கட்டிருவேன். உன் பக்கம் நான் வரல, என் பக்கம் நீ வராத. அப்புறம் தோத்துட்டு வந்து யோசனை கேக்கக் கூடாது."

"நீ கேக்காம இருந்தாப் போதும்."

அப்படித்தான் தோட்டத்துக்கு நடுவே வைக்கோல் கட்டுகிற ஆரஞ்சுக் கயிறு வந்தது. வெண்டல் கெட்டவன் இல்லை. விளையாட்டாகத்தான் கட்டினான். ஜூலை முழுக்க இரண்டு பேரும் கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வம்பளந்தபடி வேலை செய்ததை ஊரே வேலியோரம் நின்று ரசித்தது. காய் பிடித்து வீங்கத் தொடங்கியதும், காலையில் எழுந்தவுடன் வெண்டல் காய்க்கு மேலே அளவு நாடாவைப் போட்டுவிட்டுச் சத்தம் போடுவான்.

"நேத்தையவிட ஒரு கை அகலம் கூடியிருக்கு! உன் கன்னுக்குட்டி எப்படி?"

"பால் குடிச்சிட்டுத் தூங்குது. சத்தம் போட்டு எழுப்பாத."

ப்யூலாவும் அப்போது சிரித்தவள்தான். அதை இப்போது மறந்துவிட்டாள்.

ஆகஸ்டில் மழையே இல்லாமல் மண் காய்ந்து கிடந்தது. பிறகு ஒரு நாள் முழுக்க ஓயாமல் கொட்டித் தீர்த்தது. காய்ந்த செடிக்கு ஒரேயடியாகத் தண்ணீர் கிடைத்தால் என்ன ஆகும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். மறுநாள் காலையில் வெர்லா தன் காய்மேல் போர்த்தியிருந்த பழைய படுக்கை விரிப்பை விலக்கினாள். காம்பில் வெடிப்பு.

போட்டிப் பரங்கியின் காம்பு என்றால் ஆம்பளையின் முன்கைத் தடிமன் இருக்கும். காய் வீங்க வீங்க அதன் தோள் மேலே எழும்பும். கொடியோ தரையில் வேர்விட்டுப் பிடித்துக்கொண்டு கீழே இழுக்கும். நடுவில் அகப்பட்டுக்கொள்வது காம்புதான். பொறுக்கும் மட்டும் பொறுத்துப் பார்த்துவிட்டு நீளவாக்கில் பிளந்துகொள்ளும். பிளவில் ஈரம் நின்றால் அழுகும். அழுகல் உள்ளே இறங்கி, விதை இருக்கிற குழியைத் தொட்டுவிட்டால் காய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தராசுக்காரர்கள் தொடமாட்டார்கள். மாட்டுக்குத்தான் போட வேண்டும்.

வெர்லா பதறவில்லை. முதலில் காம்புக்குப் பக்கத்தில் கொடி விட்டிருந்த வேர்களை அறுத்தாள். மண்ணைத் தோண்டி விலக்கி, கொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கி அடியில் மரத்துண்டு கொடுத்தாள், இழுப்பு தளரட்டும் என்று. பிறகு கிருமி சாகக் கத்தியைச் சலவைத் திரவத்தில் கழுவி, வெடிப்புக்குள் கொழகொழவென்று இருந்ததையெல்லாம் சுரண்டினாள். கடினமான சதை தெரியும்வரை சுரண்டினாள். மேலே கந்தகத் தூளைத் தூவினாள். கொட்டகையில் இருந்த மின்விசிறியைக் கொண்டுவந்து, நீளக் கம்பி இழுத்து, காற்று நேராகக் காம்பில் படுகிற மாதிரி வைத்தாள். மேலே ஒரு குடை. காம்பை மூடவே இல்லை. பண்ணையில் கன்று பிறந்தால் தொப்புள்கொடியைக் கட்டிவைக்க மாட்டார்கள், காற்றில் உலரத்தான் விடுவார்கள். அவள் கை அந்தப் பண்ணையில் பழகிய கை.

வெண்டல் கயிற்றோரம் வந்து நின்று எட்டிப் பார்த்தான்.

"மெழுகு இருக்கு, தரட்டுமா? ஒட்டுக் கட்டுற மெழுகு. கிளை ஒடிஞ்சா எங்கப்பா அதை வெச்சு அப்பிருவாரு. ஒரு பூச்சி உள்ள போகாது."

"இது ஆப்பிள் மரம் இல்ல, வெண்டல். மூடினா உள்ளயே வெந்து போகும். புண்ணு காயணும்."

"இது கன்னுக்குட்டியும் இல்ல, வெர்லா."

"கயித்துக்கு அந்தப் பக்கம் போ."

சிரித்துக்கொண்டே போனான். ரஃபியூஸ்கள் தலைமுறையாக ஆப்பிள்காரர்கள். மரத்தில் காயம் பட்டால் மெழுகு அப்புவது அவர்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. இதைச் சொல்லி வைக்கிறேன், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு ஒரு வாரத்தில் வெண்டல் காலையில் அளவைச் சொல்லிச் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டான். காயைச் சுற்றித் தார்ப்பாயால் கூடாரம் எழுப்பினான். வெயில் அதிகமாம். செப்டம்பர் பிறந்து பனிமூட்டம் படுகிற நேரத்தில் என்ன வெயில்? வெர்லா கேட்டாள்.

"உன் காய் நல்லா இருக்கா?"

"இல்லாம என்ன?"

"காம்பு?"

"கயிறு எதுக்குக் கட்டியிருக்கேன்?" என்றான். அந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

வெர்லா அதற்குமேல் கேட்கவில்லை. அவளுக்கும் வீம்பு உண்டு, ஏன் பொய் சொல்ல வேண்டும்? அவனாக வாய் திறக்கட்டும் என்று இருந்தாள். அவள் காம்பும் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் காய்ந்தது போலிருக்கும், மறுநாள் பனி படிந்து ஓரம் கறுக்கும். காலையில் சுரண்டி, தூவி, விசிறியைத் திருப்பி வைத்து, விரலால் ஓரத்தைத் தொட்டுப் பார்ப்பாள். கடினமாக இருந்தால் தேநீர் குடிப்பாள். பிசுபிசுத்தால் அன்றைக்குத் தேநீர் இல்லை.

பிறகு புயல் வருகிறது என்று வானொலியில் சொன்னார்கள். தெற்கே எங்கோ கிளம்பிய சூறாவளியின் வால் நம் பக்கம் திரும்புகிறதாம். வெண்டல் கயிறும் முளைக்குச்சியும் வாங்க டவுனுக்குப் போனான். மத்தியானம் காற்று விழுந்துவிட்டது, இலை அசையவில்லை. அந்த அமைதியில்தான் வெர்லாவுக்கு அந்த வாசனை வந்தது. புளித்துப்போன ஆப்பிள் சாறு வாசனை. ஆப்பிள் தோட்டத்துப் பக்கம் பழம் உதிர்ந்து அழுகுகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம்தான் உறைத்தது, தோட்டம் மேற்கே இருக்கிறது, வாசனை கிழக்கிலிருந்து வருகிறது. கூடாரத்திலிருந்து.

கயிற்றுக்கு முன்னால் நின்றாள். கொஞ்ச நேரம் நின்றாள் என்பதை மறைக்க மாட்டேன். நன்றாக ஓடுகிற விசிறி ஒன்றுதான் இருந்தது. அது அவள் காம்பில் ஓடிக்கொண்டிருந்தது, அன்றைக்கு அவள் காம்பே ஈரமாகத்தான் இருந்தது. மழை வருவதற்குள் அது உலராவிட்டால் அவள் கதி என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? ப்யூலா சொல்கிற பொறாமைக்காரியாக இருந்தால், விசிறியைத் தன் பக்கமே விட்டுவிட்டு, போய்க் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். யாரும் அவளைக் கேட்டிருக்கவும் முடியாது. கயிறு கட்டினது அவன்தானே?

வெர்லா விசிறியைப் பிடுங்கி எடுத்தாள். கத்தியையும் கந்தகத் தூளையும் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றைத் தாண்டினாள்.

கூடாரத்துக்குள் நுழைந்ததும் மூக்கைப் பொத்த வேண்டியிருந்தது. காம்பு முழுக்க மெழுகு. தேன்கூடு மாதிரித் தடிமனாக அப்பி, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வழித்திருந்தான். அவன் கட்டைவிரல் ரேகை அதில் பதிந்திருந்தது. ஓரத்தில் கத்தியைக் கொடுத்து நெம்பினாள். ஒரு பாளம் பெயர்ந்து வந்தது, அதன் பின்னாலேயே பழுப்புத் தண்ணீர் கொட்டியது.

"அட மடையா!" என்றாள். வாய்விட்டே சொன்னாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

விசிறியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வழித்தாள். சுரண்டச் சுரண்டக் கொழகொழப்புதான் வந்தது, கடினமான சதை வரவில்லை. காம்பில் இறங்கிய பிளவு காயின் தோளுக்குள் வளையமாக ஓடியிருந்தது. அதன் ஓரத்தைத் தொட்டுப் பார்க்க விரலை நீட்டினாள். கத்தி அப்போது அவள் மடியில் இருந்தது, கையில் இல்லை. காய் உள்ளுக்குள் முனகுகிற மாதிரி ஒரு சத்தம். அடுத்த நொடி விறகு பிளக்கிற மாதிரி ஒரு வெடி. தோளிலிருந்து வயிறு வரைக்கும் ஒரே பிளவாகத் திறந்துகொண்டது. வெதுவெதுப்பான சாறும் விதையும் அவள் மடியில் கொட்டின.

மடியில் கிடந்த கத்தியைத் தேடி எடுத்துக்கொண்டு தள்ளாடி வெளியே வந்தாள். ப்யூலா பார்த்தது அதைத்தான். வாயில் துணிக் கிளிப், கையில் புயலுக்கு முன் அவசரமாக எடுத்த ஈரப் படுக்கை விரிப்பு.

"வெர்லா! என்ன காரியம் பண்ணிட்ட?"

வெர்லா பதில் சொல்வதற்குள் வெண்டலின் வண்டி வந்து நின்றது. அவன் இறங்கினான், கூடாரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். உள்ளே போனான். வெர்லா பின்னாலேயே போய்க் கூடாரத்து வாயிலில் நின்றாள். பிளந்து கிடந்த காய்க்கு முன்னால் வெண்டல் நின்றிருந்தான். அழுதுவிடுவான் போலிருந்தது. பிறகு அவன் குனிந்தான். தரையில் கிடந்த மெழுகுப் பாளத்தை எடுத்தான். ப்யூலா வேலியைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். அவள் வருவதற்குள் மெழுகைத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"என்ன ஆச்சு வெண்டல்?" என்றாள் ப்யூலா.

"போச்சு" என்றான். "அவ்வளவுதான்."

வெர்லா அவன் முகத்தையே பார்த்தாள். இன்னும் ஏதாவது சொல்வான் என்று பார்த்தாள். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

துக்கப்பட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. புயல் வந்துவிட்டது. விசிறியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து தன் காம்புக்கு முன்னால் வைத்தாள். அது நாலு சுற்றுச் சுற்றியது, மின்சாரம் போய்விட்டது. அப்புறம் அவள் இருந்த இடம் காய்க்குப் பக்கத்து மண்தரைதான். தார்ப்பாயை முதுகில் போர்த்தி, காம்புமேல் குனிந்து, வீட்டிலிருந்த துண்டையெல்லாம் மாற்றி மாற்றி ஒற்றிக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள். குடை எப்போதோ பறந்துவிட்டது. வெண்டல் ஒரு முறை வந்து இன்னொரு தார்ப்பாயை அவள்மேல் கட்டிவிட்டுப் போனான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

புயல் போன பிறகு பார்த்தபோது வெடிப்பு நீண்டிருந்தது. காம்பின் அடிவரைக்கும் வந்து, காயின் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றது. உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியவில்லை. தோண்டிப் பார்த்தால் தானே துளை போட்ட மாதிரி ஆகிவிடும், பார்க்காவிட்டால் தராசு நாள்வரைக்கும் தெரியாமலே காத்திருக்க வேண்டும்.

வெர்லா தண்ணீரை நிறுத்தினாள். பக்கக் கொடிகளில் இரண்டை வெட்டினாள். காய் வேகமாக வளர்ந்தால் காம்பு தாங்காது. மெதுவாக வளர்ந்தால் எடை குறையும், ஆனால் முழுசாகப் போய்ச் சேரும். வெண்டல் அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

"என்ன பண்ற நீ? இன்னும் மூணு வாரம் இருக்கு! தண்ணி விட்டா இந்த ஊர்லயே பெருசு இதுதான். பட்டினி போடுறியே!"

"வெடிச்ச காம்பு. இழுத்தா பிரிஞ்சிரும்."

"பிரியாது. தைரியமா விடு. ரஃபியூஸ் காய் எத்தனை பார்த்திருக்கோம்."

வெர்லா நிமிர்ந்தாள். "எந்தக் காய்?"

வெண்டல் காலால் மண்ணைக் கிளறினான். "இல்ல… என்னுது போயிருச்சு. வீட்டுல இருக்கிறது இது ஒண்ணுதான். பெருசு என் பேர்ல போறதுதானே வழக்கம்? எங்கப்பா காலத்துலருந்து ஒரு வருஷம் கூட ரஃபியூஸ் காய் இல்லாம அந்தத் தராசு நின்னதில்ல. ஊர்ல என்ன பேசுவாங்க?"

"ஊர்ல இப்பவே பேசுறாங்க, வெண்டல். நான் உன் காயைக் குத்தினேன்னு பேசுறாங்க. காதுல விழல?"

விழுந்தது. அவன் காதில் நன்றாகவே விழுந்தது. ப்யூலா கடையில் சொன்னாள், தபால் நிலையத்தில் சொன்னாள், தேவாலயத்தில் சொன்னாள். வெண்டல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த நேரத்திலும் சொன்னாள். அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டான். ஒரு ரஃபியூஸ் தன் காம்பில் தானே மெழுகு அப்பிக் கெடுத்தான் என்று சொல்வதைவிட, பெண்டாட்டி குத்தினாள் என்று ஊர் நம்புவது அவனுக்குச் சுலபமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

வெர்லா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"சரி. உன் பேர்லயே போகட்டும்."

வெண்டலுக்கே நம்ப முடியவில்லை. "நிஜமாவா?"

"ஒண்ணு பண்ணு. உன் கோட்டுப் பையில இருக்கே, அதை எடுத்துட்டுப் போய் ப்யூலா மேசையில வை. 'மெழுகு வெச்சது நான்தான்'னு சொல்லு. அவ்வளவு போதும். காய் உன்னுது, எடை உன்னுது, விதையும் உன்னுது."

எவ்வளவு பெரிய பேச்சு என்று யோசித்துப் பாருங்கள். வாழ்நாளில் கேட்ட ஒரே பொருளை அவள் கொடுக்கத் தயாராக இருந்தாள், நாலு வார்த்தைக்காக.

"பார்க்கலாம்" என்றான் வெண்டல்.

அந்தப் பார்க்கலாம் மூன்று வாரமும் பார்க்கலாமாகவே இருந்தது. சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்கை நகர்த்துவார்கள், உப்பை நகர்த்துவார்கள், பேச்சு நகராது. கோட்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அதன் ஒரு பை கனத்துத் தொங்கியதை வெர்லா போகும்போதும் வரும்போதும் பார்த்தாள். அவளாகக் கைவிட்டு எடுக்கவில்லை. அவள் எடுத்துக் காட்டினால் அது அவள் சொல்கிற கதை ஆகிவிடும். அவன் எடுக்க வேண்டும். காம்பையோ விடியவிடியக் கவனித்தாள். விசிறி ஓடியபடியே இருந்தது. ஓரங்கள் கறுத்து, பிறகு காய்ந்து, தக்கை மாதிரி இறுகின. ஆனால் ஆழத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது.

தராசு நாளன்று காலையில் பரங்கிச் சங்கத்து ஆல்டன் சான்ஃபோர்டு தூக்கும் இயந்திரத்தோடு தன் வண்டியில் வந்தான். வெர்லா சமையலறைத் துடைப்பத்தைக் கூட எடுத்து வைத்துவிட்டுத்தான் தோட்டத்துக்கு வந்தாள், நீலக் கோட்டு போட்டுக்கொண்டு. ஆல்டன் காம்பைக் குனிந்து பார்த்ததும் முகம் சுருங்கியது.

"மிசஸ் ரஃபியூஸ், இது தோளு வரைக்கும் வந்திருக்கே. இங்கயே பார்த்துட்டா நல்லது. அங்க வந்து எல்லார் முன்னாடியும் திருப்பி அனுப்புறதுக்கு எனக்கு மனசு வராது."

"பாரு. அதுக்குத்தானே வந்திருக்க."

ஆல்டன் சட்டைப் பையிலிருந்து முனை மழுங்கிய மெல்லிய கம்பியை எடுத்தான். வெடிப்பில் வைத்து மெல்ல உள்ளே விட்டான். தடுத்தால் காய் பிழைத்தது. தடுக்காமல் சரக்கென்று இறங்கினால் குழியில் போய் விழுந்துவிட்டது என்று அர்த்தம், எல்லாம் முடிந்தது.

கம்பி இறங்கியது. ஒரு விரல் அளவு. இன்னும் இறங்கியது. ப்யூலா தன் வாசற்படியில் காபிக் கோப்பையோடு நின்றாள், அந்தக் கோப்பையை அவள் வாய்க்குக் கொண்டுபோகவே இல்லை. வெண்டல் கயிற்றோரம் நின்றான். கயிறு இன்னும் இருந்தது, யாரும் அவிழ்க்கவில்லை. கம்பி இன்னும் கொஞ்சம் போனது.

ஆல்டன் கையை நிறுத்தினான். இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தான். சாய்த்து வைத்து அழுத்தினான்.

"கட்டியா இருக்கு" என்றான். "கீழ நல்ல சதை இருக்கு. மரம் மாதிரி." கம்பியை வெளியே எடுத்து முனையை விரலில் தேய்த்துப் பார்த்தான், முகர்ந்தும் பார்த்தான். "காய்ஞ்சிருக்கு. வாசனை கூட இல்ல. எப்படிங்க மிசஸ் ரஃபியூஸ்?"

"காத்து" என்றாள் வெர்லா. உட்கார இடம் தேடினாள், இல்லாததால் நின்றாள்.

பட்டையைக் காய்க்கு அடியில் கொடுத்துத் தூக்கினார்கள். அப்போது வெண்டல் முன்னால் வந்தான். யாரும் கூப்பிடாமலே ஒரு பக்கத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டான். காய் அசையாமல், அலுங்காமல், வண்டியில் போய் இறங்கும்வரை பிடித்திருந்தான். அவனுக்கும் அது தெரிந்த வேலை. காய்க்கு அடியில் பஞ்சு மெத்தையைச் சரிசெய்ததும் அவன்தான்.

ஆல்டன் பேனாவை எடுத்தான். "யாரு பேருல போடட்டும்?"

"கொஞ்சம் இரு, வரேன்" என்று சொல்லிவிட்டு வெர்லா வீட்டுக்குள் போனாள். வெண்டலும் பின்னால் போனான். திறந்த ஜன்னல் வழியாகப் பேச்சு வெளியே கேட்டது. ஆல்டன் கேட்டான், ப்யூலாவும் கேட்டாள்.

"வெளிய நிக்கிறா" என்றாள் வெர்லா. "நாலே அடி. போய்ச் சொல்லு. ஆல்டனும் இருக்கான். சொன்னா உன் பேரைச் சொல்றேன், இப்பவே."

"இன்னைக்கு வேணாம், வெர்லா. எல்லாம் முடியட்டும். தராசெல்லாம் முடிஞ்சு வந்து, மெதுவா…"

"மெதுவா என்ன?"

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"நீ மெழுகு வெச்சதுக்கு எனக்குக் கோபமே இல்ல" என்றாள் வெர்லா. குரல் உயரவே இல்லை. "ஆப்பிள்காரன் வேற என்ன செய்வான்? மூடி வெச்சியே, அதுதான். அங்கயும் மூடின. இங்கயும் மூடுற. எனக்கு மூச்சு முட்டுது, வெண்டல்."

"எங்க போற?"

"தராசுக்கு."

"அப்புறம்?"

"அடுப்பை அணைச்சுட்டேன். சூப்பு பானையில இருக்கு, சூடு பண்ணிக்க."

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கையில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதற்குள் கத்தியும் கந்தகத் தூளும் மாற்றுத் துணியும் இருந்தன. வலைக்கதவு பின்னால் படாரென்று அடித்துக்கொண்டது. படியிறங்கி, ஆரஞ்சுக் கயிற்றைத் தாண்டி, வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஹெனிகர்" என்றாள் ஆல்டனிடம். "வெர்லா ஹெனிகர். இங்கிலீஷ்ல ரெண்டு 'என்' எழுத்து வராது, ஒண்ணுதான். நிறுத்தி எழுது."

வண்டி கிளம்பியது, சைக்கிள்காரன் முந்திக்கொண்டு போகிற அந்த வேகத்தில்தான். வெர்லா சீட்டில் திரும்பி உட்கார்ந்து, பின்கண்ணாடி வழியாகக் காம்பை மட்டும் பார்த்துக்கொண்டு போனாள். வீட்டை அவள் பார்க்கவில்லை.

வீட்டில் வலைக்கதவுக்குப் பின்னால் வெண்டல் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். ஒரு கை பைக்குள் இருந்தது. அந்தக் கை வெளியே வந்ததா, வந்தபோது அதில் அந்த மெழுகு இருந்ததா என்று பார்த்தவள் ஊரில் ஒருத்திதான். காபிக் கோப்பையோடு வாசற்படியில் நின்றவள். அவளைத்தான் கேட்க வேண்டும். கத்தியைப் பற்றி இத்தனை பேரிடம் சொன்னாளே, இதை மட்டும் ப்யூலா இன்றைக்கு வரைக்கும் ஒருவரிடமும் சொன்னதில்லை.